கடல் தாண்டி வரும் துணை: ஐரோப்பாவின் கேள்வி, மதுரையின் பதில்

அமெரிக்காவை நம்பலாமா என்று இன்று ஐரோப்பா கேட்கிறது. ஐரோப்பாவை நம்பி என்ன ஆனது என்பதற்கு மதுரைச் சீமையில் ஒரு பெரிய வழக்குக் கட்டே இருக்கிறது.

1764 அக்டோபர் 15. மதுரைக் கோட்டைக்கு மேற்கே, இன்று சம்மட்டிபுரம் என்று அழைக்கப்படும் பகுதியில், யூசுப் கான் தூக்கிலிடப்பட்டார். ராமநாதபுரம் சீமையின் பனையூரில் மருதநாயகமாகப் பிறந்தவர். கிழக்கிந்தியக் கம்பெனியில் சிப்பாயாகச் சேர்ந்து, கமாண்டன்ட் கான் சாகிபாக உயர்ந்து, மதுரையையும் திருநெல்வேலியையும் ஆண்டவர். தூக்கிலிட்டது ஆற்காட்டு நவாப் முகமது அலி. அதற்கு ஒப்புக்கொண்டது, அவரை வளர்த்துவிட்ட அதே கம்பெனி. ஆனால் அவரைப் பிடித்துக் கட்டி எதிரியிடம் ஒப்படைத்தவர்கள் கோட்டைக்குள்ளேயே இருந்தார்கள். அவர்களில் முக்கியமானவர், துணைக்கு என்று அவர் அழைத்து வைத்திருந்த பிரெஞ்சுத் தளபதி மர்ஷாந்.

ஒரே ஆயுளில் இரண்டு ஐரோப்பிய வல்லரசுகளின் நட்பு. இரண்டும் ஒரே கயிற்றில் போய் முடிந்தன.

அந்த ஐரோப்பாதான் இன்று வேறு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. 2025 பிப்ரவரி 28 அன்று வெள்ளை மாளிகையில், தொலைக்காட்சிக் கேமராக்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே உக்ரைன் அதிபர் ஸெலன்ஸ்கியை அமெரிக்க அதிபர் டிரம்ப்பும் துணை அதிபர் வான்ஸும் வறுத்தெடுத்தார்கள். அடுத்த சில நாட்களில் உக்ரைனுக்கான ஆயுத உதவியும் உளவுத் தகவலும் நிறுத்தப்பட்டன. ஒரு வாரம் கழித்து மீண்டும் தொடங்கிவிட்டன என்றாலும், பாரிஸிலும் பெர்லினிலும் வார்சாவிலும் அந்த ஒரு வாரத்தை யாரும் மறக்கவில்லை. டென்மார்க்கின் கிரீன்லாந்தை எடுத்துக்கொள்ள ராணுவ பலத்தைப் பயன்படுத்த மாட்டேன் என்று உறுதி தர டிரம்ப் மறுத்ததும் அதே ஆண்டில்தான். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்காவுக்காக ஆப்கானிஸ்தான் போய், 40க்கும் மேற்பட்ட வீரர்களைப் பலி கொடுத்த நாடு டென்மார்க். அதன் மொத்த மக்கள்தொகை சுமார் 60 லட்சம்.

நேட்டோ ஒப்பந்தம் 1949 ஏப்ரல் 4 அன்று கையெழுத்தானது. ஒருவர் மீது விழும் அடி எல்லோர் மீதும் விழும் அடி என்கிற அதன் 5ஆம் பிரிவு, 75 ஆண்டுகளில் ஒரே ஒரு முறைதான் பயன்பட்டிருக்கிறது. அதுவும் ஐரோப்பாவைக் காக்க அல்ல. 2001இல், அமெரிக்காவுக்கு ஆதரவாக. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்தப் பிரிவு எந்த நாட்டையும் படை அனுப்பியே தீர வேண்டும் என்று கட்டாயப்படுத்தவில்லை. எது அவசியம் என்று தனக்குத் தோன்றுகிறதோ அதைச் செய்யலாம் என்கிறது. வாக்குறுதி கொடுக்கும்போதே விலகுவதற்கான கதவும் திறந்து வைக்கப்பட்டிருக்கிறது.

இதெல்லாம் மதுரைக்குப் புதிதல்ல.

உதவி வரும், ஆள் இருக்க மாட்டான்

1169 வாக்கில் மதுரையில் பராக்கிரம பாண்டியனுக்கும் குலசேகர பாண்டியனுக்கும் வாரிசுச் சண்டை. குலசேகரன் மதுரையை முற்றுகையிட, உள்ளே மாட்டிக்கொண்ட பராக்கிரம பாண்டியன் கடல் கடந்து ஓலை அனுப்பினான். பொலன்னறுவையில் ஆண்டுகொண்டிருந்த முதலாம் பராக்கிரமபாகு, தன் தளபதி இலங்காபுரனைப் படையோடு அனுப்பச் சம்மதித்தான்.

இலங்கையின் வரலாற்று நூலான சூளவம்சம் சொல்லும் கதைப்படி, அந்தப் படை மாதோட்டத்தில் கப்பலேறத் தயாராகிக்கொண்டிருந்தபோதே மதுரை விழுந்துவிட்டது. பராக்கிரம பாண்டியனும் அவன் மனைவியும் பிள்ளைகளில் சிலரும் கொல்லப்பட்டார்கள். கேட்டவன் செத்துவிட்டான், இனி உதவி எதற்கு? ஆனால் பொலன்னறுவையிலிருந்து வந்த உத்தரவு வேறு: போங்கள், மதுரையைப் பிடியுங்கள், செத்தவனின் வாரிசு ஒருவனை அரியணையில் வையுங்கள்.

இங்கேதான் துணையின் கணக்கு வெளியே தெரிகிறது. சோழர்கள் 11ஆம் நூற்றாண்டில் பொலன்னறுவையைப் பல பத்தாண்டுகள் பிடித்து வைத்திருந்தவர்கள். பாண்டிய நாடு சோழர் கைக்குள் போகாமல் இருப்பது இலங்கைக்கு உயிர்ப் பிரச்சினை. பராக்கிரம பாண்டியன் கேட்டதால் படை வந்தது உண்மை. அவன் இறந்த பிறகும் வந்ததற்குக் காரணம், அது அவனுக்காக மட்டும் திரட்டப்பட்ட படை அல்ல என்பதுதான்.

வந்த படை ராமேஸ்வரத்தைப் பிடித்தது. பாம்பன் தீவில் குந்துகால் என்ற இடத்தில் கோட்டை கட்டி, அதற்குத் தன் அரசன் பெயரையே வைத்தது. பிடிபட்ட தமிழர்களை அனுராதபுரத்துத் தூபியைப் பழுதுபார்க்கும் வேலைக்குக் கப்பலேற்றியது. பராக்கிரமபாகுவின் பெயர் பொறித்த காசு பாண்டிய நாட்டில் புழக்கத்துக்கு வந்தது என்று சூளவம்சமே பெருமையாக எழுதி வைத்திருக்கிறது. தப்பிப் பிழைத்த இளவரசன் வீரபாண்டியனுக்கு மதுரையில் முடி சூட்டினார்கள். முடி அவனுடையது, காசு அடுத்தவனுடையது.

குலசேகரன் சும்மா இருப்பானா? அவனும் ஒரு துணை தேடிச் சோழன் இரண்டாம் ராஜாதிராஜனிடம் போனான். தொண்டி, பாசிப்பட்டினம், பொன்னமராவதி, மணமேற்குடி என்று இரண்டு அந்நியப் படைகளும் மோதிக்கொண்ட ஊர்களின் பட்டியல் சோழர் கல்வெட்டில் இருக்கிறது. அச்சம் வடக்கே காஞ்சிபுரம் வரை பரவியது. இலங்கைப் படையின் ஆபத்து நீங்க ஞானசிவ தேவர் நடத்திய பூஜைக்காக ஆர்ப்பாக்கம் என்ற ஊரையே தானமாகக் கொடுத்ததைச் சொல்லும் கல்வெட்டு, அந்த ஊர்க் கோயிலில் இருக்கிறது. கடைசியில் இலங்காபுரனின் தலை மதுரைக் கோட்டை வாசலில் ஆணி அடிக்கப்பட்டது என்கிறது பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டு.

அதன் பிறகு நடந்தது இன்னும் வேடிக்கை. சோழன் தயவில் அரியணை ஏறிய குலசேகரன், ரகசியமாக இலங்கையோடு கை கோத்தான். அது தெரிந்ததும் சோழன் அவனை இறக்கிவிட்டு, இலங்கை கொண்டுவந்த வீரபாண்டியனையே அரசனாக்கினான். அவனும் சில ஆண்டுகளில் இலங்கைப் பக்கம் சாய்ந்தான். சோழன் மூன்றாம் குலோத்துங்கன் மறுபடி படையெடுத்து விக்கிரம பாண்டியனை உட்கார வைத்தான். மதுரை அரியணை இருபது ஆண்டுகளுக்குள் இத்தனை கை மாறியது. ஒவ்வொரு முறையும் வெளியாரின் வாளே தீர்ப்பு எழுதியது. பாண்டியர்கள் எழுந்து நின்றது, 1216இல் பட்டமேறிய மாறவர்மன் சுந்தர பாண்டியன் தன் சொந்தப் படையோடு தஞ்சைக்கும் உறையூருக்கும் தீ வைத்த பிறகுதான்.

பாதுகாப்புக்கு வந்த பில்

துணை தாமதமாக வருவது ஒரு சிக்கல். துணை வந்து போகாமலே இருப்பது பெரிய சிக்கல்.

நாயக்கர் ஆட்சியின் கடைசி அரசி மீனாட்சி, வாரிசுப் போட்டியில் தன்னைக் காப்பாற்றுவார் என்று ஆற்காட்டு நவாபின் மருமகன் சந்தா சாகிபை நம்பினார். குரான் மீது சத்தியம் செய்ததாகவும், துணியில் சுற்றியிருந்தது வெறும் செங்கல்தான் என்றும் ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, முடிவு வரலாறு: 1736இல் திரும்பி வந்த சந்தா சாகிப் அரசியைச் சிறை வைத்தார்; அரசி விஷம் குடித்து இறந்தார். நாயக்கர் மதுரை அதோடு முடிந்தது.

சத்தியம் மீறப்பட்ட கதையை நாம் எளிதில் நினைவில் வைத்துக்கொள்கிறோம். சத்தியம் காப்பாற்றப்பட்டும் நாடு போன கதையை மறந்துவிடுகிறோம். அது சந்தா சாகிபின் எதிரியான நவாப் முகமது அலியின் கதை.

கம்பெனி அவருக்கு வாக்குத் தவறவில்லை. பிரெஞ்சுக்காரர்களையும் சந்தா சாகிபையும் ஒழித்து அவரையே நவாபாக்கியது. 1763 பாரிஸ் ஒப்பந்தத்தில் அவர் பட்டத்தைப் பிரான்ஸையும் ஒப்புக்கொள்ள வைத்தது. ஆனால் ஒவ்வொரு சண்டைக்கும் செலவுக் கணக்கு நவாபின் பெயரில் எழுதப்பட்டது. பணம் இல்லாதபோது நிலத்தைக் கொடுத்தார். 1763இல் செங்கல்பட்டுச் சீமை கம்பெனிக்கு ஜாகீராகப் போனது. அதுவும் போதாதபோது கம்பெனி அதிகாரிகளிடமே தனிப்பட்ட முறையில் வட்டிக்கு வாங்கினார். பால் பென்ஃபீல்டு போன்றவர்கள் அந்த வட்டியில் கொழுத்து, லண்டன் நாடாளுமன்றத்துக்கே உறுப்பினராகப் போனார்கள். நவாபின் கடன் பற்றி 1785இல் எட்மண்ட் பர்க் அங்கே பொரிந்து தள்ளிய உரை புகழ்பெற்றது. நவாபோ கோட்டையின் நிழல்தான் பத்திரம் என்று ஆற்காட்டை விட்டு, புனித ஜார்ஜ் கோட்டைக்குப் பக்கத்தில் சேப்பாக்கத்தில் மாளிகை கட்டிக் குடியேறினார்.

சொந்தப் படை தேய்ந்தது; வரி வசூலுக்கே கம்பெனிச் சிப்பாய் வேண்டியிருந்தது. 1801 ஜூலை 31 ஒப்பந்தத்தில் கர்நாடகம் முழுவதும் கம்பெனி வசமானது. நவாப் குடும்பத்துக்கு வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கும் பட்டப்பெயரும் மிஞ்சின. ஒரு துப்பாக்கிக் குண்டும் வெடிக்காமல், நண்பனாக இருந்தே நாட்டை எடுத்துக்கொண்டார்கள்.

அதற்கு ஆறு வாரம் முன்பு, 1801 ஜூன் 16 அன்று, சிவகங்கைச் சீமையின் சின்ன மருதுவின் அறிக்கை திருச்சிக் கோட்டைச் சுவரில் ஒட்டப்பட்டது. ஐரோப்பியருக்கு இடம் கொடுத்தது நவாபின் மடமை என்றும், அவர்கள் வாக்குத் தவறி நாட்டைத் தமதாக்கிக்கொண்டார்கள் என்றும் அது குற்றம் சாட்டியது. கடல் கடந்த துணை பற்றித் தமிழ் மண்ணில் எழுந்த மிகத் தெளிவான அரசியல் தீர்ப்பு அதுதான். அக்டோபர் 24 அன்று மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள்.

பாரிஸில் போட்ட கையெழுத்து

யூசுப் கான் இந்த ஆபத்தை அறியாதவர் அல்ல. 1758–59இல் பிரெஞ்சுப் படை சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டபோது, வெளியிலிருந்து அதன் தொடர்புகளை அறுத்துக் கம்பெனியைக் காப்பாற்றியதில் அவருக்குப் பெரிய பங்குண்டு. மதுரையையும் திருநெல்வேலியையும் குத்தகைக்கு எடுத்து, வரியை ஒழுங்காகக் கட்டி, தெற்கில் கம்பெனியின் பிடியை நிலைநிறுத்தியதும் அவர்தான். இன்றும் மதுரையில் கான்சா மேட்டுத் தெரு இருக்கிறது. ‘கான்சாகிபு சண்டை’ என்ற கதைப்பாடலும் இருக்கிறது.

ஆனால் நவாபுக்கு அவர் கண்ணில் விழுந்த முள். மதுரை தன் ஆட்சிப் பகுதி, கான் தன் ஊழியர் என்றார் நவாப். கம்பெனி யாரைத் தேர்ந்தெடுக்கும்? உழைத்த தளபதியையா, கடன்பட்ட அரசரையா? கடன்காரனைக் கைவிட்டால் கடன் எப்படி வசூலாகும்! கம்பெனி நவாப் பக்கம் நின்றது. யூசுப் கான் 1763 தொடக்கத்தில் மதுரைக் கோட்டையில் பிரெஞ்சுக் கொடியை ஏற்றினார்.

கிட்டத்தட்ட அதே நாட்களில், பிப்ரவரி 10 அன்று, பாரிஸில் பிரான்ஸும் பிரிட்டனும் சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. முகமது அலியே கர்நாடகத்தின் முறையான நவாப் என்பது அதில் ஒரு சரத்து. அதாவது, கான் யாரை எதிர்த்துப் பிரெஞ்சுக் கொடியை ஏற்றினாரோ, அவருடைய உரிமையைப் பிரான்ஸே எழுதிக் கொடுத்துவிட்டது. கப்பலில் செய்தி வந்து சேரப் பல மாதங்கள் ஆகும் காலம் அது. ஐரோப்பாவில் ஏழாண்டுப் போருக்குக் கணக்கு முடித்தவர்களின் மேசையில் மதுரைக்கு நாற்காலி இல்லை. பாண்டிச்சேரி 1761இலேயே ஆங்கிலேயரிடம் விழுந்திருந்தது. மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்கினார் கான் சாகிபு; குதிரை கரைந்த சேதி அவருக்குத் தெரியவில்லை.

அப்படியும் அவர் தாக்குப் பிடித்தார். 1763 இலையுதிர் பருவத்தில் வந்த முதல் முற்றுகை மழையோடு பின்வாங்கியது. 1764 ஜூன் 26 அன்று மேஜர் சார்ல்ஸ் கேம்பெல் நடத்திய நேரடித் தாக்குதலையும் கோட்டை முறியடித்தது. பிறகு வெளியிலிருந்து தானியம் வரும் வழியெல்லாம் அடைபட்டது. பசி சுவரைத் தாண்டி உள்ளே வந்தது. அக்டோபர் 13 அன்று, தொழுகையில் இருந்தவரை மர்ஷாந்தும், கானின் சொந்த ஆட்களான சீனிவாச ராவும் பாபா சாகிபும் சேர்ந்து பிடித்துக் கட்டினார்கள்.

மர்ஷாந்தை வில்லனாக்கிவிட்டு நாம் கதையை முடித்துக்கொள்ளலாம். அவருடைய இடத்திலிருந்து பார்த்தால், அவர் அரசாங்கம் போரை முடித்து ஓராண்டுக்கு மேலாகிவிட்டது. தோற்கப்போகிற ஒருவருக்காகப் பட்டினி கிடந்து சாக அவருக்குக் காரணமே இல்லை. கானுக்குப் பின்வாங்க வேறு ஊர் கிடையாது, மர்ஷாந்துக்கு உண்டு. கடல் கடந்து வருகிற ஒவ்வொரு துணைக்கும், திரும்பிப் போக ஒரு கரை இருக்கிறது.

இருபது ஆண்டுகள் கழித்து இதே கதை கடலூரில் நடந்தது. 1783 ஜூனில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி அங்கே ஆங்கிலேயரோடு மோதிக்கொண்டிருந்தபோது ஐரோப்பாவிலிருந்து சமாதானச் செய்தி வந்தது. துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டார்கள். பிரெஞ்சுக்காரரின் கூட்டாளியாக மங்களூர் முற்றுகையில் இருந்த மைசூரின் திப்பு சுல்தான் தனியாக விடப்பட்டார்.

ஒரு துணை பலித்தது எப்படி?

அப்படியானால் துணையே கூடாதா? மதுரைச் சீமையே அதற்கும் பதில் வைத்திருக்கிறது.

1772 ஜூனில் காளையார்கோவிலில் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் கம்பெனி, நவாப் படைகளால் கொல்லப்பட்டார். ராணி வேலு நாச்சியார் தப்பித்து, திண்டுக்கல் பக்கம் விருப்பாட்சிப் பாளையத்தில் அடைக்கலம் புகுந்தார். பிரதானி தாண்டவராய பிள்ளை மூலம் மைசூரின் ஹைதர் அலியிடம் உதவி கேட்டார். எட்டு ஆண்டுகள் காத்திருந்தார். 1780இல் சிவகங்கை மீண்டது.

ஹைதரும் தன் கணக்கில்தான் உதவினார். 1780 ஜூலையில் அவர் கம்பெனிக்கு எதிராகக் கர்நாடகத்தில் நுழைந்தார். தெற்கே இன்னொரு முனை திறப்பது அவருக்கு லாபம். வித்தியாசம் நாச்சியார் பக்கத்தில் இருந்தது. காத்திருந்த ஆண்டுகளில் அவர் படை திரட்டினார். மருது சகோதரர்கள் சீமைக்குள் மக்களைத் திரட்டினார்கள். மைசூரிலிருந்து வந்தது உதவி மட்டுமே. மைசூர்க்காரர்கள் சிவகங்கையை ஆளத் தங்கிவிடவில்லை. 1782 டிசம்பரில் ஹைதர் இறந்தார். நாச்சியாரின் அரியணை அதோடு விழவில்லை. துணையின் ஆயுளைத் தாண்டி நின்ற வெற்றி அது.

வீரபாண்டியனிடமும் முகமது அலியிடமும் இல்லாதது இந்தச் சொந்தப் பலம்தான். அவர்களைத் தாங்கியவர் கையை எடுத்தால் அன்றே விழும் நிலையில் இருந்தார்கள்.

ஐரோப்பாவின் பணம் எங்கே போகும்?

இந்த வெளிச்சத்தில் ஐரோப்பாவைப் பார்த்தால், டிரம்ப் நல்லவரா கெட்டவரா என்ற விவாதம் இரண்டாம் பட்சமாகிவிடுகிறது. 1956இல் சூயஸ் கால்வாய்ப் பிரச்சினையில் பிரிட்டனையும் பிரான்ஸையும் நெருக்கடி கொடுத்து வெளியேற வைத்தது ஐசனோவரின் அமெரிக்கா. அப்போதும் அவர்கள் நேச நாடுகள்தான். அந்த அவமானத்திலிருந்து இரு நாடுகளும் எதிரெதிர்ப் பாடம் கற்றன. வாஷிங்டனை இன்னும் நெருங்கி நிற்பதே வழி என்றது பிரிட்டன். இன்று அதன் டிரைடென்ட் அணு ஏவுகணைகள் அமெரிக்காவோடு பொதுவான இருப்பிலிருந்து எடுக்கப்படுபவை. இனி யாரையும் நம்ப முடியாது என்றது பிரான்ஸ்; 1960இல் சொந்தமாக அணுகுண்டைச் சோதித்தது, 1966இல் நேட்டோவின் ராணுவக் கட்டமைப்பிலிருந்தே வெளியேறி, 2009இல்தான் திரும்பியது.

2025 ஜூனில் ஹேக் மாநாட்டில் நேட்டோ நாடுகள், 2035க்குள் மொத்த உற்பத்தி மதிப்பில் 5 சதவீதத்தைப் பாதுகாப்புக்கும் அது சார்ந்த பணிகளுக்கும் செலவிட ஒப்புக்கொண்டன. 80,000 கோடி யூரோ வரை திரட்டும் திட்டத்தை ஐரோப்பிய ஆணையம் அதற்கு முன்பே அறிவித்திருந்தது. பணம் இருக்கிறது. ஆனால் ஸ்டாக்ஹோம் அமைதி ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி, 2020–24இல் நேட்டோவின் ஐரோப்பிய நாடுகள் இறக்குமதி செய்த ஆயுதங்களில் 64 சதவீதம் அமெரிக்கச் சரக்கு. விமானம் ஐரோப்பாவில் நிற்கும். அதன் மென்பொருளும் உதிரிபாகமும் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும்.

இந்தியா இந்த வலியைத் தெரிந்து வைத்திருக்கிறது. அமெரிக்காவின் வியூகக் கூட்டாளி என்று கொண்டாடப்பட்ட நாட்டின் ஏற்றுமதி மீதே 2025 ஆகஸ்டில் 50 சதவீத வரி விழுந்தது. திருப்பூர் பின்னலாடையும் தூத்துக்குடி இறாலும் அதில் அடிபட்டன. அதற்கும் முன்பு ரஷ்யாவிடம் பட்ட பாடம் ஒன்று உண்டு. ராக்கெட்டுக்கான கிரையோஜெனிக் என்ஜின் தொழில்நுட்பத்தைத் தருவதாக 1991இல் ஒப்பந்தம் போட்ட ரஷ்ய நிறுவனம், 1993இல் அமெரிக்க நெருக்கடியால் பின்வாங்கி, தயாரான என்ஜின்களை மட்டும் தந்தது. இஸ்ரோ அவற்றை வாங்கிக்கொண்டது, நட்பை முறித்துக்கொள்ளவில்லை. கூடவே திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில் சொந்த என்ஜினைச் சோதிக்கத் தொடங்கியது. 2010இல் முதல் ஏவல் தோற்றது. 2014 ஜனவரி 5 அன்று வென்றது. இருபது ஆண்டுகள் பிடித்தன. இப்போது அந்த என்ஜினுக்காக யாரும் யார் வாசலிலும் நிற்க வேண்டியதில்லை.

ஐரோப்பியர்கள் அமெரிக்காவை நம்பலாமா? இருவரின் எதிரியும் ஒன்றாக இருக்கும் வரை நம்பலாம். அதற்கு மேல் நம்புவது நவாபின் வழி. உறவை இன்றே முறிப்பதும் புத்திசாலித்தனம் அல்ல. நாச்சியார் ஹைதரின் உதவியை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதை விட, அந்த 5 சதவீதத்தில் எவ்வளவு சொந்த ஆலைக்கும் சொந்த வீரனுக்கும் போகிறது, எவ்வளவு அடுத்தவர் கிடங்குக்குப் போகிறது என்பதைப் பார்க்க வேண்டும். 2035 கணக்கைக் கையில் எடுத்துப் பார்த்தால், ஐரோப்பா சேப்பாக்கத்து மாளிகையைக் கட்டியிருக்கிறதா, சிவகங்கைப் படையைக் கட்டியிருக்கிறதா என்பது தெரிந்துவிடும்.